உங்களுக்குத் தெரியாததா?

ஒருவரிடம் சுயநலமே இல்லாமல் செய்துவிட்டால், அவர் கையில் எவ்வளவு அதிகாரத்தைக் கொடுக்கலாம்? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் ஒரு பதில் சொன்னது. கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் பதிலை முதலில் சொன்னவள் நான்தான். அதனால் இதை எழுத வேண்டிய கடமையும் எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் ஊர் பொருநை நகர். பெயரைக் கேட்டு ஆறு ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். நிலவின் தென்முனையில், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தின் ஓரத்தில், தரைக்கடியில் ஆயிரத்து இருநூறு பேர் வாழ்கிறோம். சுரங்க வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கமிருந்து அள்ளிக்கொண்டு வந்த கூட்டம். ஊருக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது எங்கள் ஆட்களுக்கு ஆற்றைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. பள்ளத்தில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியை வெட்டி உலையில் உருக்கினால் தண்ணீர். அதைப் பங்கு போடுகிறவர் நீர்கட்டி. ஊரில் போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. நீர்கட்டி வைத்ததுதான் சட்டம், ஏனென்றால் நாக்கு வறண்டவன் சட்டம் பேச மாட்டான்.

முன்பெல்லாம் நீர்கட்டிக்கு மூக்கணாங்கயிறு உண்டு. ஆறு மாதம்தான் பதவி. மூன்று பேர் கொண்ட குழு அவர் போட்ட பங்கைச் சரிபார்க்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் அந்த வாரத்துப் பங்கை வாசிக்கும்போது யார் வேண்டுமானாலும் எழுந்து "மறுப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பங்கு ஒரு நாள் நின்றுவிடும். இவ்வளவு இருந்தும் ஒரு நீர்கட்டி தன் மைத்துனரின் தக்காளிக் கொட்டகைக்கு நான்கு மாதம் தண்ணீர் திருப்பிவிட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்தக் கோபத்தில்தான் ஊர் நடுநிலை ஊசியைக் கேட்டது.

ஊசி பூமியிலிருந்து வந்தது. போடுகிறவள் நான், ஊரின் ஒரே டாக்டர், ஜெபகனி. கூட்டத்தில் என்னை விளக்கச் சொன்னார்கள்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு சொல்லுதோம்லா? அந்த 'தனக்கு'ங்கிறது மூளையில ஒரு இடத்துல உக்காந்திருக்கு. நம்ம பிள்ளை பசிச்சா துடிக்கோம், அடுத்த வீட்டுப் பிள்ளை பசிச்சா பாவம்னு சொல்லிட்டுப் போயிருதோம். மாசம் ஒரு ஊசி போட்டா அந்த வித்தியாசம் போயிரும். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி தெரியும்" என்றேன்.

"அப்போ திருட மாட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"தனக்குன்னு எடுக்கத் தோணவே தோணாது. என் மருந்துக்கு நான் பொறுப்பு."

ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவள் உலகம்மாள். நானும் அவளும் ஒரே விண்கலத்தில் வந்து இறங்கியவர்கள், உரிமையோடு 'ஏட்டி' போட்டுப் பேசிக்கொள்கிற சினேகிதிகள். ஊருக்கே அவள் அக்கா. ஊசி போட்ட மறுமாதம் ஊர் அவளை "அம்மா" என்று அழைக்கத் தொடங்கியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து நடந்ததை யாரும் சதி என்று சொல்ல முடியாது. முழுக்க முழுக்க மரியாதை. ஆறு மாதம் முடிந்ததும், "இவ்வளவு நல்ல மனுசியை எதுக்கு மாத்தணும்?" என்று பதவிக்காலத்தை எடுத்தார்கள். "அம்மா போட்ட பங்கை நாம சரிபார்க்கதா? நாக்கு அழுகிரும்" என்று குழுவில் இருந்த மூன்று பேரும் தாங்களே விலகினார்கள். மறுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிதாகத் திருமணமாகி வந்த ஒரு பெண், குளிக்கத் தண்ணீர் போதவில்லை என்று விவரம் தெரியாமல் "மறுப்பு" என்றுவிட்டாள். கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வாரமே அந்த வார்த்தையையும் விதிப் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே போயிற்று. உலகம்மாள் பொய் சொல்லவில்லை, ஒளிக்கவில்லை, யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. பிறகு உருக்கு உலையில் விரிசல் விழுந்தது. ஆறு வாரத்துக்குத் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

ஊரில் சிறுநீரகம் கெட்டவர்கள் ஐந்து பேர். வாரம் மூன்று முறை அவர்கள் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்வேன். ஒவ்வொரு முறைக்கும் முந்நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும். உலகம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்து, வாரம் ஒரு முறை போதும் என்று குறைத்தாள். அந்த ஐந்து பேரில் ஒருவர் அவளுடைய சொந்த அண்ணன் கோமதிநாயகம்.

நான் அவள் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். "ஏட்டி, இது ஆபத்து. உங்க அண்ணன் உடம்பு தாங்காது."

"தெரியும் ஜெபா. எண்பது பச்சைப் பிள்ளைகளுக்கும் ஆபத்துதான். எல்லாரையும் வச்சுப் பாத்துத்தான் போட்டிருக்கேன்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. அண்ணனும் அந்தப் பிள்ளைகளும் அவளுக்கு ஒரே தூரத்தில் நின்றார்கள். அந்த நடுக்கத்தை எடுத்தது என் ஊசிதான்.

கோமதிநாயகம் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றார். "எனக்கே குறைச்சுட்டா பாத்தீயளா? இனி ஊருல ஒருத்தன் வாய் திறப்பானா!" அவர் சொன்னபடியே ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொந்த அண்ணனுக்கே குறைத்தவளை எப்படிக் கேள்வி கேட்பது? மூன்றாவது வாரம் அவர் இறந்துபோனார். உலகம்மாள் கூட நின்று எல்லாச் சடங்கையும் முறையாகச் செய்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஊர் அதையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் முப்பிடாதியும் ஒருத்தி. ஊரின் குழாய்களை எல்லாம் பார்த்துக்கொள்கிறவள். முப்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோல் சொன்னாள்.

"அந்த மிஷினுக்குப் போற முந்நூறு லிட்டர்ல இருநூறு லிட்டர் ஆளைத் தொடவே தொடாதும்மா. வடிகட்டும்போதே ஒதுக்கி வெளிய தள்ளிரும். கொஞ்சம் உப்புக் கூடின தண்ணி, அவ்வளவுதான். ரெண்டு குழாயும் சுவருக்குப் பின்னால ஒண்ணாச் சேர்ந்து மருத்துவக் கழிவுத் தொட்டிக்குப் போயிருது. ஒரு வால்வு போட்டுப் பிரிச்சிருந்தா, அந்த இருநூறையும் திரும்ப எடுத்திருக்கலாம்."

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரே குழாயைத்தான் நான் பத்து வருடமாகப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

உலகம்மாள் அமைதியாகக் கேட்டாள். "வால்வு போட எத்தனை நாள் ஆகும்?"

"அரை நாளும்மா."

"இதை ஏன் நீ சொல்லலை?"

முப்பிடாதி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நான் சொல்லதா? சொல்லலாமான்னு ஒரு தடவை நினைச்சேன். பொறவு, உங்களுக்குத் தெரியாததா, எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பீயன்னு இருந்துட்டேன்."

அன்றைக்கே வால்வு போட்டார்கள். மற்ற நான்கு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் உலகம்மாள் என் மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம கணக்கு எங்கேட்டி தப்பாச்சு?" என்றாள். "கெட்டவன் கையில அதிகாரம் போயிரக் கூடாதுன்னுதான் பயந்தோம். கயிறு கெட்டவனுக்குத்தான் வேணும், நல்லவனுக்கு வேண்டாம்னு அவுத்து விட்டோம். நான் நல்லவதான். ஆனா எனக்குக் குழாயைப் பத்தி ஒண்ணும் தெரியாது. என் அண்ணனைக் கொன்னது என் ஆசை இல்ல, என் அறியாமை. அதுக்கு உன்கிட்ட ஊசி இருக்கா?"

"இல்ல" என்றேன்.

"கெட்டவன் உக்காந்திருந்தா எல்லாரும் முழிச்சிருந்து பாத்துக்கிடுவாங்க. நல்லவ உக்காந்திருக்கான்னு ஊரே தூங்கிருச்சு."

அவளுக்குத்தான் தடையில்லாத அதிகாரம் இருந்ததே, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உத்தரவு போட்டு மறுப்பைத் திரும்பக் கொண்டுவந்தாள். "இனிமே யார் வேணும்னாலும் என்னை நிறுத்தலாம். தயவுசெஞ்சு நிறுத்துங்க" என்றாள். கூடத்தில் கை தட்டினார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு மறுப்புகூட வரவில்லை. தானாகவே போய் வீடு வீடாகக் கேட்டாள். "நீங்க செஞ்சாச் சரியாத்தான் இருக்கும்" என்று டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். குழுவுக்கு மூன்று பேரை நியமித்தாள். கொடுத்த இடத்திலெல்லாம் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

பத்தாவது ஞாயிறு அவள் ஒரு முடிவை வாசித்தாள். இரண்டாம் பள்ளத்தில் புதிய குடியிருப்பு தயாராகிவிட்டது, அறுபது பேர் அடுத்த மாதம் அங்கே குடிபோக வேண்டும். வாசித்து முடித்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எனக்கு இதுல நிச்சயமில்ல. யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள். நான் முப்பிடாதியைப் பார்த்தேன். அவள் எதையோ விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். உலகம்மாளும் அதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

நான்கு நாள் கழித்து உலகம்மாள் திருடி என்று ஊருக்குத் தெரிந்தது.

கண்டுபிடித்தவள் முப்பிடாதி. பள்ளிக்கூடத்துக் குழாயிலிருந்து ஒரு கிளை போட்டு, மூன்று நாளாக நாற்பது லிட்டர் உலகம்மாள் அறையில் இருந்த தொட்டிக்கு இறங்கியிருந்தது. அதுவும் வியாழன்தோறும் முப்பிடாதி தட்டிப் பார்க்கிற குழாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தண்ணீர்! ஊருக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. தாங்கள் கும்பிட்ட கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். உலகம்மாள் எதையும் மறுக்கவில்லை. "எனக்கு வேணும்போல இருந்துச்சு. எடுத்தேன்" என்றாள்.

"ஊசி போட்ட பிறகுமா?" என்று ஊர் என்னைப் பார்த்தது. ரத்தத்தைச் சோதித்துச் சான்று எழுதச் சொன்னார்கள்.

சோதித்தேன். முடிவை வைத்துக்கொண்டு உலகம்மாளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"மருந்து முழு அளவுல இருக்கு."

"அப்படியா?"

"நடிக்காத. இவ்வளவு மருந்து உள்ள இருக்கும்போது உனக்குன்னு ஒரு டம்ளர் தண்ணி எடுத்து வைக்கக்கூடத் தோணாது."

"எனக்குன்னு எடுக்கலையே."

"பின்ன யாருக்கு?"

"அந்த அறுபது பேருக்கு" என்றாள். "கெஞ்சிப் பாத்தேன், உத்தரவு போட்டுப் பாத்தேன். என்னை நம்பாதீயன்னு நான் சொன்னா, அதையும் நம்பி இன்னும் கும்பிடுதாங்க. நான் கெட்டவளாத் தெரிஞ்சாத்தான் ஊரு முழிச்சு வாய் திறக்கும். வேற என்ன செய்யச் சொல்லுத? உன் ஊசி பொய்யைத் தடுக்காதுட்டி. சுயநலத்தைத்தான் தடுக்கும்."

நான் காகிதத்தை எடுத்து வைத்தேன். உள்ளதை எழுதினால், ஊருக்காக 'திருடி' என்ற பட்டத்தை வாங்கிக்கொண்ட தெய்வம் என்று கோயிலே கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் ஒருவன் மறுக்க மாட்டான்.

"என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல மாட்டேன். ஒருத்தி சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

'மருந்து செயல்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் தொழிலில் நான் எழுதிய முதல் பொய்ச் சான்று அது.

அதன் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்துவிடலாம். உலகம்மாளைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இனி ஊசியும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம் என்றார்கள். மூன்று நீர்கட்டிகள், ஆறு மாதம், சரிபார்க்க வேறு மூன்று பேர், யாரும் எதையும் மறுக்கலாம், யார் எழுதிய சான்றையும் மறுசோதனைக்குக் கேட்கலாம். விதிகளை எழுதிய கூட்டத்தில் இரண்டாம் பள்ளத்துப் பேச்சு வந்தபோது முப்பிடாதி எழுந்தாள்.

"மறுப்பு. அங்க வெளிக்கதவு ரப்பர் குளிருல சுருங்குது. ஒரு விரல் இடைவெளி வருது. ஆளுக தூங்கும்போது காத்துப் போயிரும்" என்றாள்.

போய்ப் பார்த்தார்கள். ஒரு விரல் இல்லை, ஒன்றரை விரல். அறுபது பேர்! நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். பொய்ச் சான்றுக்காக அதுவரை எனக்கு இருந்த குற்ற உணர்ச்சி அன்றோடு போயிற்று. செய்தது சரிதான் என்று தோன்றியது. இன்னும் சொல்லப்போனால், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஊசி நின்று ஆறு வாரம் கழித்து உலகம்மாள் பனிக்கட்டி வெட்டும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு "எண்ணே" என்று ஒரு சத்தம் போட்டாளாம். கோமதிநாயகம் இறந்து நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று நாள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "என் கையாலயே குறைச்சேனே ஜெபா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்த அழுகையை அவளிடமிருந்து எடுத்து வைத்திருந்தவள் நான். ஊருக்கு அவள் மறுபடி அக்கா ஆகியிருந்தாள். திருட்டு அக்காதான், இருந்தாலும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

போன வாரம் காலையில் முப்பிடாதி மருத்துவமனைக்கு வந்தாள். கையில் ஒரு படிவம்.

"தப்பா நினைக்காதீய டாக்டரம்மா" என்றாள். "அக்காவைத் திருடின்னு முடிவு பண்ணினது உங்க ஒரு கையெழுத்தை வச்சுத்தான். தண்ணி போனதை நான் கண்டேன். எதுக்குப் போச்சுன்னு நான் காணல. நான் பாக்கிற குழாயாப் பாத்து, வியாழக்கிழமையாப் பாத்து ஒருத்தி திருடுவாளா? அதான் ரெண்டு மாசமா மண்டைக்குள்ள குடையுது. அன்னைக்கு எடுத்த ரத்தம் பிரிட்ஜில இருக்காம்லா? பக்கத்துக் குடியிருப்பு டாக்டர் ஒரு தடவை அதைப் பாக்கட்டும். நான் மறுப்பு எழுதியிருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், உச்சந்தலைவரைக்கும் கோபம். இந்த ஊருக்குப் பத்து வருடம் நாடி பார்த்தவள், உங்கள் உரிமையை உங்களுக்குத் திருப்பி வாங்கிக் கொடுத்தவள், என்னையா சந்தேகப்படுகிறாய் என்று கேட்கத் தோன்றியது. அதைச் சொல்ல முடியாது என்பதால் வாயை மூடிக்கொண்டு படிவத்தைப் படித்தேன்.

நிலவின் நீண்ட இரவு முடிந்து வெயில் திரும்பினால்தான் பக்கத்துக் குடியிருப்பு வண்டி வரும். அதற்குப் பதினொரு நாள் இருந்தது. ரத்தக் குழல் என் சுண்டுவிரல் அளவுதான். கை தவறி விழுந்துவிட்டது என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. உண்மை தெரிந்தால் உலகம்மாளை மறுபடி தெய்வமாக்குவார்கள், ஊசியையும் போடச் சொல்வார்கள், அவளுடைய அண்ணன் அவளுக்கு மறுபடி யாரோ ஆகிவிடுவார். என்னைத் துரத்துவார்கள். ஊருக்காக, உலகம்மாளுக்காக, அந்தக் குழலை உடைப்பதுதான் நியாயம் என்று என் மனம் அழகாக வாதாடியது. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாதத்தில் ஓர் ஓட்டைகூட எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கழுத்துச் சங்கிலியில் கிடந்த பிரிட்ஜ் சாவியைக் கழற்றி முப்பிடாதியிடம் நீட்டினேன்.

"இதையும் நீயே வச்சுக்கோ. வண்டி வர்ற வரைக்கும் இது என்கிட்ட இருக்கக் கூடாது" என்றேன்.

முப்பிடாதி சாவியை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, "ஏன்?" என்று கேட்டாள்.